கொன்ரெயிலும் கோணேஸ்வரியும்

1996 நவம்பர் 10, ஞாயிறு

இன்று ஒரு பெயரை நானே வாசித்தேன். யாரும் சொல்லித் தரவில்லை!

ஊரை விட்டு வந்து நாங்கள் இருக்கும் அஜின்கோர்ட் வீடு மூன்றாம் மாடி. பல்கனியில் நின்றால் சரக்கு ரெயில் பெட்டிகள் தெரியும். மண்ணிறப் பெட்டி, பெரிய வெள்ளை எழுத்து. ஒவ்வொன்றாகப் பிடித்துக் கூட்டினேன் — கொன்ரெயில். கத்திவிட்டேன். என் மனுசி கோணேஸ்வரி அகப்பையோடு ஓடி வந்தாள்.

"என்னப்பா, விழுந்திட்டியளோ?"

"வாசிச்சிட்டன்!"

"உதுக்கே உந்தக் கத்தல்?"

ஆனால் தேத்தண்ணி வந்தது. நானும் கேட்பதில்லை, அவளும் கேட்பதில்லை. வேண்டிய நேரத்தில், வேண்டிய சீனியோடு கைக்கு வந்துவிடும்.

பள்ளிக்கூடம் காணாமல் வயல் வேலையில் போன கை இது. தமிழ் எழுத்தும் ஆங்கிலப் பெரிய எழுத்தும் அன்ரனெற் ரீச்சரிடம் கிழவர்கள் வகுப்பில் படித்தவை. இப்போது உலகம் முழுக்கப் பெயர்ப்பலகை!

1996 டிசம்பர் 1

பக்கத்து வீட்டு யோசப் எல்லை தாண்டி அமெரிக்கப் பக்கம் பபலோவுக்குச் சரக்கு லொறி ஓட்டுபவன். கொன்ரெயில் யார் என்று அவனைக் கேட்டேன்.

"அமெரிக்கன் கொம்பனி, அங்கிள். முந்தி ஆறு ரெயில் கொம்பனி இருந்தது. ஆறும் கடனிலை மூழ்கி வங்குரோத்து. அரசாங்கம் அள்ளிச் சேர்த்து, எழுபத்தாறிலை இந்தப் பேரை வைச்சது. கனகாலம் நட்டம். பிறகு நிமிர்ந்திட்டுது."

விழுந்தவை சேர்ந்து நிமிர்ந்திருக்கின்றன! நாங்களும் அப்படித்தானே? சண்டையில் நாலு திசைக்கும் சிதறி, இந்த வீட்டில் வந்து சேர்ந்தோம். நானும் இவளும், மூத்தவன் சச்சிதானந்தன், அவன் மனைவி நிரூபா, இளையவன் ஜனார்த்தன், அவன் மனைவி நிலாணி. யோசப் விரல் மடக்கிப் பார்த்துச் சிரித்தான். "நீங்களும் ஆறுதான்!"

சச்சிதானந்தனின் மகள், பேத்தி தக்ஷிகா, என்னையும் எண்ணு என்று அழுதாள்.

1997 ஜனவரி 19

கொன்ரெயிலை வாங்க இரண்டு பெரிய ரெயில் கொம்பனிகள் போட்டி போட்டு அடிபடுகின்றனவாம். யோசப் சொல்கிறான், "விழுந்து கிடக்கேக்கை ஒருத்தரும் எட்டிப் பாக்கேல்லை. இப்ப ரண்டு மாப்பிள்ளை!"

1997 ஏப்ரல் 13

மாப்பிள்ளைகள் சமாதானமாகிவிட்டார்கள். ஆளுக்கு ஒரு பங்காகப் பிரிக்கப் போகிறார்களாம். பாதை, எஞ்சின், பெட்டி எல்லாம். ஓடிக்கொண்டிருப்பதை எப்படி வெட்டுவது?

ஜனார்த்தன் காரில் அரை மணித்தியாலம் தள்ளி விட்பியில் வீடு வாங்கிவிட்டான். நிலாணிக்குச் செப்ரெம்பரில் பிள்ளை.

1997 யூன் 15, ஞாயிறு

விட்பியில் பால் காய்ச்சினோம். வீடு நிறைய ஆட்கள். நிலாணியின் மாமன் தம்பிமுத்து சபையில் வைத்துக் கேட்டார்.

"பெரியவர், இனி நீங்கள் ரண்டு பேரும் ஆரோடை?"

என் பெடியள் இருவரும் நிலத்தைப் பார்த்தார்கள். தங்களுக்குள் ஏற்கெனவே பேசியிருக்கிறார்கள் என்று அப்போதுதான் விளங்கியது. இங்கே பிறக்கப்போகும் பிள்ளையைப் பார்க்க ஒருவர் வேண்டும். அங்கே தக்ஷிகாவைப் பள்ளிக்கூடம் கூட்டிப்போக ஒருவர். சபையில் ஒருவன் முகமும் வாடக் கூடாது. நான் சிரித்தேன்.

"எங்களுக்கென்ன குறை? இவள் சின்னவனோடை, நான் பெரியவனோடை. ரண்டும் எங்கடை வீடுதானே!"

"அது மனுசன்!" என்றார் தம்பிமுத்து. எனக்கும் ஒரு பெருமை வந்தது. உண்மையைத்தான் எழுதவேண்டும் — வந்தது.

கோணேஸ்வரி பால் செம்போடு நின்றாள்.

1997 யூன் 16

"என்னை ஒரு சொல் கேட்டிருக்கலாம்." இவ்வளவுதான் சொன்னாள்.

ஜனார்த்தனோடு இப்போதே பேசுகிறேன் என்று எழுந்தேன். கையைப் பிடித்து இருத்தினாள். "சபையிலை துப்பினதை விழுங்கப் போறியளே? தாய் தகப்பனை வைச்சுப் பாக்க ஏலாத பெடியள் எண்டு சனம் கதைக்கும்."

ஏன் வாயைத் திறந்தனான்? ஆர் என்னைக் கேட்டது? கேட்டவைதான். கேட்டால் சொல்லவேணுமே?

1997 செப்ரெம்பர் 7

கோணேஸ்வரி விட்பிக்குப் போய்விட்டாள். அகப்பையை எனக்கு விட்டுப் போயிருக்கிறாள். எனக்குச் சோறு வடிக்கவும் தெரியாது.

1998 பெப்ரவரி 8

பனி. இந்தக் கிழமையும் என்னைக் கூட்டிப்போக ஜனார்த்தனின் கார் வரவில்லை. ரெலிபோனில் அவள்: "சாப்பிட்டியளோ?" நான்: "ஓம்." அவள்: "சரி, பிள்ளை அழுகுது."

1998 ஓகஸ்ட் 23

கொன்ரெயிலைப் பிரிக்க அரசாங்கமும் தலையாட்டிவிட்டது. இனி அது அந்த இரண்டு கொம்பனிகளின் சொத்து. திரும்ப ஒட்ட வழியில்லையா என்று யோசப்பைக் கேட்டேன்.

"ஆர் அங்கிள் ஒட்டுறது?"

"ஆறை ஒட்டினவைதானே?"

"அது செத்ததுகளை ஒட்டினது. இது உயிரோடை வெட்டுறது."

இரவுச் சாப்பாட்டில் சச்சிதானந்தனிடம் கேட்டேவிட்டேன். அம்மாவைக் கூப்பிடு, இல்லாவிட்டால் என்னையும் அங்கே விடு.

"அம்மா வந்தால் அங்கை பேபியை ஆர் பாக்கிறது? நீங்கள் போனால் தக்ஷிகாவை ஆர் கூட்டிக்கொண்டு போறது? நீங்கள் சொன்னதுதானே அப்பா, ரண்டும் எங்கடை வீடு எண்டு."

அவன் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டையாவது பிடித்திருக்கலாம்.

1999 யூன் 1, செவ்வாய்

இன்று முதல் கொன்ரெயில் இரண்டாக ஓடுகிறதாம். காலையிலேயே பல்கனிக்குப் போய்விட்டேன். அதே மண்ணிறப் பெட்டிகள் வந்தன. அதே வெள்ளை எழுத்து. இப்போது ஒரே பார்வையில் வாசித்துவிடுகிறேன், கூட்டத் தேவையில்லை.

பெயர் இருக்கிறதே என்றேன். "பெயின்ற் அடிச்சு முடிய வருசக்கணக்காகும் அங்கிள். பேர் கொஞ்சக் காலம் ஓடித் திரியும்" என்றான் யோசப்.

1999 யூன் 6, ஞாயிறு

சச்சிதானந்தன் விட்பிக்குக் கூட்டிப்போனான். தைக்குப் பிறகு இன்றுதான். வழி நெடுகப் பெயர்ப்பலகைகளை வாசித்துக்கொண்டு போனேன். ஒன்றும் தப்பவில்லை!

கோணேஸ்வரி கதவைத் திறந்தாள். மூக்குக்கண்ணாடி போட்டிருக்கிறாள். எனக்குத் தெரியாது. "வாங்கோ, இருங்கோ" என்று சோபாவைக் காட்டினாள். பிள்ளை என்னைப் பார்த்து அவள் சேலைக்குள் ஒளித்தது.

பிறகு குசினிக்குள் இருந்து கேட்டாள். "உங்களுக்குச் சீனி போடுறதோ?"

"ஒரு கரண்டி" என்றேன்.

கோப்பையைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். நான் நன்றி என்றேன்.

"பரவாயில்லை" என்றாள்.