மின்காந்தத் துடிப்பைப் பற்றி நீ சொன்னது

இன்று காலை கல்லூரி ஆய்வகத்தில் டிப் சர்க்கிளைத் தூசி தட்டி வைத்தேன். பூமியின் காந்தம் எவ்வளவு சாய்கிறது என்று காட்டும் அதன் ஊசி, காந்த நடுக்கோட்டை ஒட்டிய நம் ஊரில் எப்போதும்போல, ஏறக்குறைய மட்டமாகக் கிடந்தது. "மிஸ், இது கேடாயிப் போச்சா?" என்று ஒரு மாணவி கேட்டாள். எம்.எஸ்ஸி. படிக்கையில் நாம் இருவரும் இதே மேசையருகே இதையேதான் கேட்டோம்.

அந்த வருடம் கருத்தரங்குக்கு நீ எடுத்த தலைப்பு, அணுகுண்டு எழுப்பும் மின்காந்தத் துடிப்பு. கோட்டாறில் எங்கள் வீட்டு மாடியில் வைத்து எனக்குச் சொல்லிப் பார்த்தாய். காற்றே இல்லாத உயரத்தில் குண்டு வெடிக்கிறது. கீழே சத்தம் கேட்காது. காமாக் கதிர்கள் மேல்காற்றில் மோதி எலக்ட்ரான்களை அடித்துத் தள்ளுகின்றன. பாய்ந்து வரும் அவற்றைப் பூமியின் காந்தம் வளைக்கிறது. கோடானுகோடி எலக்ட்ரான்கள் ஒரே தாளத்தில் வளைய, ஒரு பேரலை எழுகிறது. கண் இமைக்குமுன் ஒரு நாட்டின் கம்பிகளிலெல்லாம் மின்சாரம் பாய்ந்து, கருவிகள் கருகிவிடும்.

"ஏட்டி, ஊசிய அசைக்க மட்டுந்தான் தெரியும்னு நெனச்ச காந்தம், இதையும் செய்யுது பாரு! நம்ம ஊருல அது மட்டமா கெடக்கதுனால, நேர கீழ வாற எலக்ட்ரான் முழுசா வளையும்." கையை மேலிருந்து இறக்கி, பக்கவாட்டில் வளைத்துக் காட்டினாய்.

கருத்தரங்குக்கு முந்தைய வாரம் பெருமழை. கடலுக்குப் போன உன் அண்ணனின் குரல், ஒரு மின்னலுக்குப் பிறகு வயர்லெஸ்ஸில் வரவில்லை. நான் உன் ஊரான கடியப்பட்டணம் வந்தபோது உன் அம்மா மணலில் உட்கார்ந்து செபமாலை உருட்டிக்கொண்டிருந்தார்.

"எம்மா, மின்னலும் அதே மாதிரி துடிப்புதான், சின்னது. ஏரியல் வழியா ஏறி செட்டக் கரிச்சிரும். பெட்டிதான் செத்திருக்கும், அண்ணனுக்கு ஒண்ணும் ஆயிருக்காது," என்றாய் நீ.

"பின்ன ஏன் மக்கா இன்னும் வரல்ல?"

நீ கடலைப் பார்த்தபடி என் கையைப் பிடித்துக்கொண்டாய்.

மதியம் போல் படகு கரை சேர்ந்தது. "மின்னல் கொஞ்சம் தள்ளித்தான் வெட்டிச்சு. ஒடனே செட்டுல பொகை. எங்களுக்கு ஒண்ணுமில்ல," என்றபடி இறங்கினார் உன் அண்ணன். நீ அழுதுகொண்டே சிரித்தாய். "அந்தத் துடிப்பு இவன் ஒடம்பு வழியாவும் போயிருக்கு ஏட்டி. இவனுக்குத் தெரியவே இல்ல!"

என்னைப் பேருந்து ஏற்றிவிட வந்தபோது மெதுவாகச் சொன்னாய்: "ஒரு செட்டு செத்ததுக்கே அம்மைக்கு இந்தப் பாடு. எல்லாக் கரையிலயும் எல்லாம் ஒரே நேரத்துல செத்தா?" கருத்தரங்கில் அந்தக் கேள்வியோடுதான் நீ தொடங்கினாய்.

போன வருடம் சிறுநீரகம் பழுதாகி நீ படுத்திருந்தாய். டயாலிசிஸ் ஓடிக்கொண்டிருந்தது. அருகில் இருந்த என்னிடம் மேற்கூரையைக் காட்டி, "மேல ஒருத்தனும் ஒண்ணையும் வெடிக்காம இருக்கணும் மக்கா," என்று கண்ணைச் சிமிட்டினாய். அடுத்த மாதம் நீ இல்லை.

கடைத்தெருவில் நடக்கையில் சில சமயம் அப்படியே நின்றுவிடுகிறேன். ஒருவர் வளைகுடாவிலிருக்கும் மகனோடு போனில் பேசுகிறார். மீன்காரியின் தராசில் எண்கள் மினுங்குகின்றன. எங்கோ ஓர் அறையில் யாரோ ஒருவரின் இரத்தத்தை இயந்திரம் சுத்தம் செய்துகொண்டிருக்கும். நிமிர்ந்து பார்க்கிறேன். வானம் சும்மா இருக்கிறது. அது சும்மா இருப்பது எத்தனை பெரிய காரியம் என்று உன்னால்தான் எனக்குத் தெரியும்.