அக்கா பேரில் வேலை

கொரட்டூர்
14.6.1992

அன்புள்ள அக்காவுக்கு,

மாதா கிருபையால் நானும் அப்பாவும் சுகம். அரக்கோணத்தில் நீயும் மாமாவும் சுகமா? கல்யாணமாகிப் போனதிலிருந்து ஒரே ஒரு கார்டுதான் போட்டிருக்கிறாய்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் சட்டை தைக்கும் கம்பெனியில் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. பதினெட்டு வயசு வேண்டும் என்றார்கள், எனக்குப் பதினாறுதான். உன் பள்ளிக்கூட டி.சி.யைக் கொடுத்துச் சேர்ந்ததால் அங்கே என் பேர் செலின். மத்தியானம் சாப்பாடு போடுகிறார்கள். காலர் கோணலாக வந்தால் திட்டாமல் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தருகிறார்கள். போன மாதம் மாடி கட்டி இன்னும் ஐம்பது மிஷின் போட்டார்கள். ஏன் இவ்வளவு நல்லவர்களாக இருக்கிறார்கள் என்று பயமாக இருக்கிறது.

செலின் என்று கூப்பிட்டால் திரும்ப மறந்துவிடுகிறேன். "இன்னா செலினு, காதுல பஞ்சு வெச்சிகினு கீறியா?" என்று சூப்பர்வைசர் குணசேகரன் அண்ணன் கேட்டதும் எல்லோரும் சிரித்தார்கள். ஆபீஸ் அன்னம்மாள் மேடம் மட்டும் சிரிக்கவில்லை. "பாவம், காது மந்தமா கீது. டாக்டராண்ட காட்டிடலாம்" என்றார். கம்பெனி செலவாம். புதன்கிழமை போகிறோம். கண்டுபிடித்துவிட்டார்களோ?

உன் பிரியமுள்ள தங்கை
பேபி

அரக்கோணம்
20.6.1992

அன்புத் தங்கை பேபிக்கு,

நாங்கள் சுகம். எந்த முதலாளியாவது சும்மா காது பார்ப்பானா? உன் வாயைக் கிளறப் பார்க்கிறார்கள். சாப்பாடு போடுகிறவன் பிறகு ஓவர்டைம் கேட்பான். அதிகம் பேசாதே. எதிலும் கையெழுத்துப் போடாதே.

உன் அக்கா
செலின்

கொரட்டூர்
12.7.1992

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வருவதற்குள் டாக்டரிடம் போய் வந்துவிட்டோம். இரண்டு காதும் நன்றாக இருக்கிறதாம். திரும்பும்போது மேடம் டீ வாங்கித் தந்தார், எதுவும் கேட்கவில்லை. அதுதான் இன்னும் பயம். அவர் என் பக்கம் பார்க்கும்போதெல்லாம் தையல் கோணிப் போகிறது.

புது ஆர்டர் வந்திருப்பதால் இருபது பேரைப் பெர்மனென்ட் ஆக்குகிறார்கள். பட்டியலில் செலினும் இருக்கிறாள். கையெழுத்துப் போடட்டுமா?

உன் பிரியமுள்ள தங்கை
பேபி

அரக்கோணம்
18.7.1992

அன்புத் தங்கைக்கு,

போடாதே. அது என் பேர். உன் மாமாவுக்கு வேலை போய்விட்டது. அடுத்த மாதம் கொரட்டூருக்கே வந்துவிடுகிறோம். என் டி.சி.யைத் திருப்பி வாங்கி வை. அந்த வேலையில் நானே சேர்ந்துகொள்கிறேன். நல்ல கம்பெனியை விடக்கூடாது. நீ சின்னப் பெண், உனக்கு இன்னும் காலம் இருக்கிறது.

உன் அக்கா
செலின்

கொரட்டூர்
2.8.1992

அக்காவுக்கு,

டி.சி. ஆபீஸ் பீரோவில் இருந்தது. உண்மையைச் சொல்லாமல் எப்படிக் கேட்பது? மேடத்திடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. போலீஸைக் கூப்பிடுவார்கள் என்று நினைத்தேன். தண்ணீர் கொடுத்தார்கள்.

"வயசு ஆவாத பொண்ண வெச்சிகினா கம்பெனி மேல கேஸு வரும்மா. ரெண்டு வருஷம் கையி மறக்காம தெச்சிகினு இரு. அப்பறம் உன் பேர்லயே வா" என்றார். இந்த மாதச் சம்பளத்தை முழுதாகக் கொடுத்து அனுப்பினார்.

உன்னைப் பற்றியும் கேட்டேன். தைக்கத் தெரிந்தால் வரலாமாம், புது ஆளாக. டி.சி. இதனுடன் இருக்கிறது.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. மாமாவுக்கு வேலை போனது, நான் பெர்மனென்ட் என்று எழுதியதற்கு முன்பா, பின்பா?

பதில் எழுத வேண்டாம்.

பேபி