காட்டுக்குள் ஒரு சின்ன வட்டம்

என் உயிரான தேவகிக்கு,

அந்தக் கிணறு இந்தக் கோடையிலும் வற்றவில்லை. முதலில் இதைத்தான் உனக்குச் சொல்ல வேண்டும்.

சுனாமிக்குப் பிறகு நம் தீவில், வண்டூர் பக்கக் குடியிருப்பில் கிணறெல்லாம் உப்பாகிப்போனது நினைவிருக்கிறதா? லாரித் தண்ணீருக்குப் பெண்கள் குடத்தோடு காத்துக் கிடந்தார்கள். கல்லூரியில் புவியியல் நடத்திக்கொண்டிருந்த நீ, ஆராய்ச்சிக்காக வாங்கிய வெள்ளைக்காரன் காலத்து வரைபடத்தை நம் வீட்டுத் தரையில் விரித்தாய். வீடு, ஓடை, கிணறு எல்லாம் தனித்தனியே தெரிகிற அளவுக்குப் பெரிதாக வரைந்த படம். மேட்டுக் காட்டுக்குள் ஒரு சின்ன வட்டம்.

"ஏங்க, இது கிணறு. கைதிங்க இருந்த காலத்துல தோண்டினது. மேட்டுல இருக்கு, உப்பு ஏறியிருக்காது."

ஃபீனிக்ஸ் பே துறைமுகத்தில் கப்பல் வேலைக்கு லீவு போட்டுவிட்டு நானும் வந்தேன். குடியிருப்புக்காரர்களோடு சேர்ந்து நாள் முழுக்கக் காடு வெட்டினோம். ஒன்றுமில்லை. அங்கே எல்லோருக்கும் 'தீதி', அதாவது அக்காவான வங்காளத்து மாலதி தீதி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "டீச்சர், இதர் தோ சிர்ஃப் ஜங்கல் ஹை" என்று சிரித்தாள். வெறும் காடுதானாம்!

வீட்டுக்கு வந்து மறுபடி படத்தின் மேல் குனிந்தாய்.

"கரையிலேருந்து அளந்துட்டேங்க. கரைதான் தாழ்ந்து கடல் உள்ள வந்துடுச்சே! படத்துல இருக்கற குன்று ரெண்டும் அங்கேயேதான் இருக்கு, அதுலேருந்து அளக்கணும். தாளும் பழசு, சுருங்கியிருக்கு. அதையும் கணக்குல சேர்க்கணும்."

அடுத்த முறை போனபோது வேர்களுக்கடியில் கல் வளையம் தட்டுப்பட்டது. தூர் வாரி, தெளியவிட்டு, முதல் வாளியை இறைத்தோம். மாலதி தீதி உள்ளங்கையில் ஏந்திக் குடித்துவிட்டு, "மீட்டா ஹை! நல்ல தண்ணி, டீச்சர்!" என்று கத்தினாள். நீ அப்போது அழுதாயா, சிரித்தாயா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

காய்ச்சல் உன்னைக் கொண்டுபோன பிறகு நடந்ததைக் கேள். போன மாதம் புதுப் படம் வரைய சர்வே ஆட்கள் அங்கே வந்திருக்கிறார்கள். கிணற்றுக்குப் பெயர் உண்டா என்று கேட்டார்களாம். "தேவகி டீச்சர் கா குவா", தேவகி டீச்சர் கிணறு, என்று மாலதி தீதி சொல்ல, அப்படியே எழுதிக்கொண்டு போனார்கள். கேள்விப்பட்டதும் கப்பலில் ஒருவரையும் விடவில்லை. கேப்டனிடம்கூடச் சொன்னேன், "அது என் சம்சாரம் சார்" என்று.

உன் படங்களில் இன்னும் எத்தனையோ வட்டங்கள். விடுமுறைக்கு உன் மாணவிகள் வருகிறார்கள். அளப்பது அவர்கள் பாடு, வழி வெட்டுவது என் பாடு. ஒன்றையும் விடமாட்டேன், தேவகி. கிடைக்கிற ஒவ்வொரு கிணற்றிலும் முதல் வாய்த் தண்ணீர் உன்னை நினைத்துத்தான் குடிப்பேன்.

உன் வீட்டுக்காரன்,
செல்வராஜ்