பச்சை ஸ்டிக்கர் ஒட்டிய வைரஸ்

அனுப்புநர்:
இராசதுரை பிரஷாந்தி (கலைமாணி),
உரிமையாளர், பிரஷா கொமினிக்கேஷன்,
பிரதேச செயலகத்துக்கு எதிர்ப்புறம்,
பிரதான வீதி, தில்லைக்கேணி,
மட்டக்களப்பு மாவட்டம்.

பெறுநர்:
பிரதேச செயலாளர் அவர்கள்,
பிரதேச செயலகம்,
தில்லைக்கேணி.

விடயம்: தங்கள் அலுவலக நுழைவாயிலிலுள்ள பென்ட்ரைவ் சோதனைக் கணினியே வைரஸைப் பரப்பிவருவது பற்றியும், அந்தப் பழியை எனது கடையின் மேல் போட்டு ஒட்டியுள்ள அறிவித்தலை அகற்றக் கோருவது பற்றியும்.

மதிப்புக்குரிய ஐயா,

தங்கள் அலுவலக வாசலில் நின்று பார்த்தால் தெரிவது எனது கடை. இவ்வளவு அருகில் இருந்தும் எழுத்து மூலம் தொந்தரவு தருவதற்கு மன்னிக்க வேண்டும். நேரில் வருவதென்றால் சோதனை மேசையைக் கடக்க வேண்டியிருக்கிறது. எனது முறைப்பாடே அந்த மேசையைப் பற்றியது.

1. தங்கள் அலுவலகத்தின் அச்சு இயந்திரம் பழுதாகிக் கிடப்பது தாங்கள் அறிந்ததே. அது திருத்தப்படும்வரை பொதுமக்கள் தமது கடிதங்களைச் சொந்தப் பென்ட்ரைவில் வாங்கிச் சென்று, வெளியில் அச்சிட்டு, திரும்பக் கொண்டுவந்து ஒப்பம் பெற வேண்டும் என்பது நடைமுறை. வாவியில் வலை இழுக்கிறவரின் சட்டைப் பையிலும் இப்போது ஒரு பென்ட்ரைவ் கிடக்கிறது. இதனால் எனக்கு வியாபாரம் வந்ததை நான் மறைக்கவில்லை. அந்த இயந்திரம் இன்னும் கொஞ்ச காலம் பழுதாகவே இருக்கட்டும் என்று நேர்ந்துகொண்டதும் உண்டு.

2. தங்கள் கணினிகளில் கோப்புகள் காணாமற்போகத் தொடங்கியதும், வைரஸைத் தடுப்பதற்காக நுழைவாயிலில் ஒரு மேசையும் கணினியும் போடப்பட்டன. எந்தப் பென்ட்ரைவும் அங்கே சோதிக்கப்பட்டு, "சோதிக்கப்பட்டது, வைரஸ் இல்லை" என்ற பச்சை ஸ்டிக்கர் ஒட்டப்பட்ட பின்பே உள்ளே போகலாம். சோதனைச் சாவடிகளைக் கண்டு வளர்ந்த ஊர் என்பதால் நாங்களும் சத்தமில்லாமல் வரிசையில் நின்றோம். பொறுப்பாக இருப்பவர் முகாமைத்துவ உதவியாளர் திரு. ஜெயந்தன். அவர் வேலை செய்யாமல் இருக்கிறார் என்று யாரும் சொல்ல முடியாது. நேரத்துக்கு வருகிறார், தேநீருக்குக்கூட எழும்புவதில்லை, எல்லோரிடமும் மரியாதையாகப் பேசுகிறார். பென்ட்ரைவைச் செருகி, அதிலுள்ளவற்றை ஒன்றுவிடாமல் திறந்து, உள்ளே வைரஸ் இருக்கிறதா என்று கண்ணால் பார்க்கிறார். இந்தச் சுறுசுறுப்பில் பாதி குறைந்திருந்தால் இந்தப் பிரதேசம் தப்பியிருக்கும்.

3. ஏனெனில், ஐயா, இந்த வகை வைரஸ் கண்ணுக்குத் தெரியும்படி உட்கார்ந்திருப்பதில்லை. பென்ட்ரைவுக்குள் புகுந்ததும் நமது கோப்புகளை மறைத்துவிட்டு, அதே பெயரில் ஒரு போலியை அந்த இடத்தில் வைக்கும். நம்முடையதென்று நினைத்து அதைத் திறந்தால் வைரஸ் அந்தக் கணினியில் குடியேறும். சந்தேகம் வரக்கூடாதென்று நமது கோப்பையும் திறந்து காட்டும். அன்றிலிருந்து அந்தக் கணினியில் செருகப்படும் ஒவ்வொரு பென்ட்ரைவிலும் தன்னைப் பிரதி எடுத்து வைக்கும். போட்டோ கொப்பிக் கடை நடத்துகிற நானே வெட்கப்படும் வேகம் அது. திரு. ஜெயந்தன் ஆரம்பத்திலேயே யாரோ ஒருவரின் பென்ட்ரைவில் இருந்த போலியைத் திறந்திருக்கிறார். இப்போது வரிசையில் நிற்கும் அனைவருக்கும் இன மத பேதமின்றி வைரஸ் வழங்கப்படுகிறது, ஸ்டிக்கரோடு. அன்டிவைரஸின் காலம் முடிந்துவிட்டதென்று திரையின் மூலையில் சிவப்பாக ஓர் எச்சரிக்கை வந்துகொண்டே இருக்கிறது. அது கண்ணை உறுத்துகிறதென்று அந்த மூலையில் ஒரு சிறிய நாட்காட்டியை ஒட்டி மறைத்திருக்கிறார்கள்.

4. இதற்கிடையில் தங்கள் அலுவலகத்தில் ஒரு விசாரணைக் குழு கூடியது. வைரஸ் பிடித்த பென்ட்ரைவ்கள் எல்லாம் எனது கடைக்கு வந்துபோனவை என்று குழு கண்டுபிடித்தது. அச்சு இயந்திரம் இல்லாத அலுவலகத்திலிருந்து அவை வேறெங்கே போகும் என்று குழு கேட்கவில்லை. மழை பெய்யும்போதெல்லாம் குடை தென்படுவதால் குடைதான் மழையைக் கொண்டுவருகிறது என்று தீர்மானிக்க ஒரு குழுவும் சிற்றுண்டியும் தேவைதானா என்பதைத் தங்கள் கவனத்துக்கு விட்டுவிடுகிறேன்.

5. அடுத்து நடந்ததை எழுதக் கை கூசுகிறது. ஒரு நாள் காலை தங்கள் அலுவலக உதவியாளர் திரு. கோணாமலை ஒரு பென்ட்ரைவோடு கடைக்கு வந்தார். அதிலிருந்த அவசரக் கடிதம் ஒன்று காணாமற்போய்விட்டது, மீட்டு அச்சிட்டுத் தர வேண்டும் என்றார். மறைந்திருந்ததை வெளியே எடுத்தேன். "இராசதுரை பிரஷாந்தி என்பவரின் கடையிலிருந்து கணினி வைரஸ் பரவுவதால், அங்கு அச்சிடப்படும் ஆவணங்கள் இவ்வலுவலகத்தில் ஏற்றுக்கொள்ளப்பட மாட்டா" என்றிருந்தது. கீழே தங்கள் பதவிப் பெயர். திரு. கோணாமலை சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். "நான் என்ன புள்ள செய்யிற? கொண்டுபோ எண்டாங்க, கொண்டாந்தன்" என்றார். என்னைக் குற்றவாளி என்று சொல்லும் கடிதத்தை வைரஸிடமிருந்து நானே மீட்டு, நானே அச்சிட்டு, மழையில் நனையாதபடி லமினேட்டும் செய்து கொடுத்தேன். எனது கடையில் அச்சிடப்பட்ட ஆவணங்களில் தங்கள் அலுவலகம் கடைசியாக ஏற்றுக்கொண்டது அதுதான். அவர் போன பிறகு கடையைச் சாத்திவிட்டு அழுதேன். கோபம் அதற்குப் பிறகுதான் வந்தது.

6. அறிவித்தல் ஒட்டப்பட்டதும் கடை வெறிச்சோடிப்போனது. புடைவை நெசவு செய்யும் திருமதி றபீக்கா, கடை திறந்த நாளிலிருந்து என்னிடம் வருகிறவர், வாசற்படிக்கு வெளியிலேயே நின்றார். "தங்கச்சி, ஒங்கட கடையில அடிச்சா கந்தோர்ல எடுக்கிற இல்லயாம். கோவிச்சிக்காதீங்க" என்று சொல்லிவிட்டு மற்றக் கடைக்குப் போனார். அவரில் பிழை இல்லை. எனது அப்பா இராசதுரை தோணிப் பதிவுக்காகத் தங்கள் அலுவலகம் சென்றவர், வரிசையில் நின்று அந்த அறிவித்தலை எழுத்துக்கூட்டி வாசித்திருக்கிறார். வீட்டுக்கு வந்து, "என்ட பேர ஏன் புள்ள அங்க போட்டிரிக்காங்க?" என்று மட்டும் கேட்டார். கணினியை அவர் தொட்டதுகூட இல்லை. பின்பு தோணிப் பதிவுக்கு அவர் போகவே இல்லை. இந்த மனு எழுதப்படுவது அதனால்தான், ஐயா. வியாபாரம் போனதை நான் எப்படியோ பொறுத்திருப்பேன்.

7. உண்மையைச் சொல்வதானால் அறிவித்தலை நானும் முதலில் நம்பினேன். தங்கள் பதவிப் பெயரோடு வந்தது பொய்யாக இருக்காது என்று எனது கணினிகளை எல்லாம் துடைத்து, அனைத்தையும் மீள நிறுவினேன். அப்படியும் பச்சை ஸ்டிக்கரோடு வந்த பென்ட்ரைவ்களில் வைரஸ் இருந்தது. எனவே உறை பிரிக்காத புதிய பென்ட்ரைவ் ஒன்றை வாங்கிக்கொண்டு வரிசையில் நின்றேன். எனக்குப் பின்னால் நின்ற திருமதி றபீக்கா பார்த்திருக்க, சோதனை மேசையிலேயே உறையைப் பிரித்துக் கொடுத்தேன். ஒன்றுமே இல்லாத பென்ட்ரைவைத் திரு. ஜெயந்தன் கவனமாகச் சோதித்து ஸ்டிக்கர் ஒட்டித் தந்தார். திரு. ஜெயந்தனையும் அழைத்துவந்து கடையில் ஸ்கேன் செய்தபோது உள்ளே வைரஸ் இருந்தது. அவரது முகம் கறுத்துவிட்டது. ஆனாலும் மறுநாள் மேசை வழமைபோல் இயங்கியது, மேலிடத்து உத்தரவு இல்லாமல் நிறுத்த முடியாதாம். அந்தப் பென்ட்ரைவை உறையிலிட்டு இத்துடன் இணைத்துள்ளேன். தயவுசெய்து எதிலும் செருக வேண்டாம்.

8. தங்கள் அலுவலகத்தில் இதுவரை செய்யப்பட்ட வைத்தியங்களை, அதாவது கணினியை அணைத்து ஓய்வு கொடுப்பது, விசைப்பலகையைக் கிருமிநாசினியால் துடைப்பது, திரைக்கு மேல் எலுமிச்சம்பழம் வைப்பது ஆகியவற்றை நான் மதிக்கிறேன். பலனளிக்கக்கூடியது வேறு. முதலில் அந்தக் கணினியை மற்றக் கணினிகளோடு இணைக்கும் வயரைக் கழற்ற வேண்டும். நாட்காட்டியை அகற்றி, அன்டிவைரஸைப் புதுப்பித்து, முழுக் கணினியையும் ஸ்கேன் செய்ய வேண்டும். கணினி தொடங்கும்போது தானாக எழும்பும் நிரல்களிலிருந்தும் வைரஸை நீக்க வேண்டும், இல்லாவிட்டால் காலையில் துடைத்தது மாலையில் வந்து நிற்கும். காணாமற்போன கோப்புகள் பெரும்பாலும் அழியவில்லை, மறைந்தே இருக்கின்றன. அவற்றை வெளிக்கொணர்ந்து போலிகளை மட்டும் அழித்தால் போதும். அதற்கும் அடங்காவிட்டால் கோப்புகளைப் பிரதி எடுத்து, ஸ்கேன் செய்து வைத்துக்கொண்டு, விண்டோஸை மீள நிறுவ வேண்டும். இனி எந்தப் பென்ட்ரைவையும் திறக்குமுன் ஸ்கேன் செய்ய வேண்டும். திறந்து பார்ப்பது சோதனை அல்ல.

ஆகவே, சோதனை மேசையை உடனடியாக நிறுத்தி அக்கணினியைச் சுத்தம் செய்யுமாறும், எனது கடைக்கு எதிரான அறிவித்தலை அகற்றி, அதே பலகையில் அதே அளவு எழுத்தில் தவறு தங்களுடையது என்று திருத்த அறிவித்தல் ஒன்றை ஒட்டுமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அதை அச்சிடத் தாங்கள் தூரம் போக வேண்டியதில்லை. திரு. கோணாமலையிடம் கொடுத்துவிட்டால் நானே அச்சிட்டு லமினேட் செய்து தருவேன், பென்ட்ரைவை மட்டும் வாசல் மேசையில் காட்டாமல் கொண்டுவரச் சொல்லுங்கள். முதல் அறிவித்தலில் இருந்ததுபோலவே அதிலும் எனது அப்பாவின் பெயரை முழுதாக எழுத வேண்டும். தோணிப் பதிவு இன்னும் முடியவில்லை. அவர் வந்து வாசிப்பார்.

இங்ஙனம்,
தங்கள் எதிர்வீட்டுக் குடிமகள்,
(ஒப்பம்)
இராசதுரை பிரஷாந்தி

இடம்: தில்லைக்கேணி
திகதி: 2025.02.18