நாற்பத்திரண்டாம் பக்கம்

சிட்லபாக்கம்,
ஞாயிறு காலை

அன்பு மகளுக்கு,

உன் ஆய்வேட்டைப் படித்து முடித்தேன். பிழைகளைப் பென்சிலால் குறித்திருக்கிறேன். எலிகளுக்கு முதலில் மணத்தக்காளிச் சாறு கொடுத்து, அதன் பிறகு வயிற்றில் புண் உண்டாக்கியது சரியான முறைதான். புத்தகம் கிழிவதற்கு முன்பே அட்டை போடுகிறோம் அல்லவா, அதைப்போல.

நாற்பத்திரண்டாம் பக்கத்தில் நின்றுவிட்டேன். புண் உண்டாக்க, எலிகளைப் பட்டினி போட்டு ஒரு வலி மாத்திரை கொடுத்ததாக எழுதியிருக்கிறாய். பெயரை இரண்டு முறை பார்த்தேன். அம்மாவின் முட்டிவலிக்கு நான் வாங்கி வந்த அதே மாத்திரை.

இரண்டு வருடம், தினமும் காலை ஐந்தரைக்குக் கொடுத்தேன். "காபியாவது குடிச்சிட்டுப் போட்டுக்கறேனே, வாத்தியாரே" என்பாள். "முதல்ல மாத்திரை. வலி நின்னாத்தான ஏரியைச் சுத்தி நடக்க முடியும்?" என்பேன். போட்டுக்கொள்வாள்.

வயிற்றுப்புண்ணில் ரத்தம் கசிந்து அவள் போன அன்று, டாக்டர் என்னிடம் காரணம் கேட்டார். ஊறுகாய் நிறையச் சாப்பிடுவாள் என்றேன். நீயும் பக்கத்தில்தான் நின்றிருந்தாய்.

மற்றபடி ஆய்வில் குறை ஒன்றும் இல்லை. நன்றியுரையில், 'அம்மாவைக் கடைசிவரை கவனித்துக்கொண்ட அப்பாவுக்கு' என்று ஒரு வரி எழுதியிருக்கிறாய். அதை மட்டும் பேனாவால் அடித்திருக்கிறேன்.

அப்பா