புகார்தாரர் வீட்டில் இல்லை

என் கண்ணுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் உயிரும் உடம்புமாக இருக்கிறோம், நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, தொண்டை கட்டாமல், தூங்க வேண்டிய நேரத்தில் தூங்கி நலமாக இருக்கிறாய் என்று நம்பி எழுதுகிறேன். அப்பாவுக்கு முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது, முப்பது வருடம் பஸ் ஓட்டிய கால் இப்போது மாடிப்படியைப் பார்த்தாலே சண்டைக்கு நிற்கிறது. அண்ணன் குழந்தைக்கு முன்பல் விழுந்துவிட்டது, அதைத் தீப்பெட்டியில் போட்டு எல்லோருக்கும் காட்டிக்கொண்டு திரிகிறாள். மேல்வீட்டுக் குழாய் ஒழுகி நம் குளியலறைக் கூரையில் பெரிய கறை. இன்று வேலை நாள், ஆனாலும் வீட்டிலிருந்துதான் எழுதுகிறேன், ஏன் என்று பின்னால் சொல்கிறேன். எழுத்து கோணலாக இருக்கும். வாசற்படியில் உட்கார்ந்து மடிமேல் வைத்து எழுதுகிறேன்.

போன திங்கட்கிழமை மதியம் நகராட்சி ஆபீசில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து உட்கார்ந்தேன், எதிர் மேசைத் தட்டச்சுக்காரி ஓடி வந்து, “அக்கா, உங்க பொண்ணு போன்ல வர்றா, லட்சம் பேருக்கு மேல பார்த்துட்டாங்க” என்று கத்தினாள். வரைபடக்காரர், காவலாளி, டிரைவர் எல்லோரும் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். எனக்கு வந்த பெருமையைப் பார்க்க வேண்டுமே, நல்லாத் தெரியட்டும் என்று டப்பாவை நகர்த்திவிட்டுப் போனை நடுவில் நிறுத்தினேன். நீ மேடையில் மைக்கோடு, கறுப்புச் சட்டையில் மெலிந்து நின்றாய். நகராட்சித் தலைவரைப் பற்றி, “திறப்பு விழா நடத்த எங்க தலைவர் புதுசா ஒண்ணும் கட்ட வேண்டாம், தெருவுக்கு ஒரு குழி திறந்தேதான் கிடக்கு, ரிப்பன் கட்டினா போதும்” என்று நீ சொன்னதும் முதலில் சிரித்தது நான்தான். டிரைவருக்குப் புரை ஏறிவிட்டது. அடுத்து நீ ஒரு வார்த்தை சொன்னாய், அதை நான் எழுத மாட்டேன், அப்பா பஸ் ஓட்டிய காலத்தில் குறுக்கே வந்தவனைக்கூட அப்படித் திட்டியதில்லை. அதிர்ந்துபோய் யார் முகத்தையும் பார்க்காமல் இருந்தேன். அதுதான் பெரிய அதிர்ச்சி என்று நினைத்தேன் பார்.

அதன் பிறகு “எங்கம்மா” என்று ஆரம்பித்தாய். “எங்கம்மா ஆபீஸ்ல ஒரு வியாதி. ஏழு நாள் தாண்டினா புகார் சிவப்பாயிடும், மேலிடத்துல கேள்வி வரும். அதனால ஆறாம் நாளே எங்கம்மா அதைக் கொன்னுடுவாங்க. முத்து முத்தான எழுத்துல. என்ன எழுதுவாங்க? நேரில் சென்றபோது புகார்தாரர் வீட்டில் இல்லை. டேய், புகார் நடுரோட்டுல இருக்கிற குழியைப் பத்தி! குழியைத் தாண்டித்தாண்டா அவர் வீட்டுக் கதவுக்கே போகணும்! பதினோரு தடவை ஆள் வீட்ல இல்லைன்னு எழுதினாங்க. பன்னெண்டாவது தடவை நிஜமாவே வீட்ல இல்ல. குழிக்குள்ள இருந்தார். கால் போச்சு. ஆனா பதிவேடு ரொம்ப சுத்தமா இருக்குன்னு எங்கம்மாவுக்கு அந்தக் காலத்துலயே பரிசுக் கடிகாரம் குடுத்திருக்காங்க, அதுல மணி பார்த்துத்தான் நான் பள்ளிக்கூடம் போனேன்.” அங்கே நானூறு பேர் சிரித்தார்கள். இங்கே ஒருவரும் சிரிக்கவில்லை. தட்டச்சுக்காரி போனைக் கவிழ்த்து வைத்தாள். வரைபடக்காரர் கைகழுவப் போனவர் திரும்பி வரவே இல்லை. நான் சாப்பிடாமலே டப்பாவை மூடிப் பையில் வைத்தேன்.

உன்மேல் வந்த கோபத்தை மறைக்க மாட்டேன். அந்த ஆறாம் நாள் கதையை ஞாயிற்றுக்கிழமை போனில் உனக்குச் சொன்னது நான்தான், நீ தனியாக இருக்கிறாயே, கொஞ்சம் சிரிக்கட்டும் என்றுதான் சொன்னேன். எங்களுக்கு ஒரே வண்டி, களப்பணிக்கு மூன்றே ஆள், சாக்கடைக் குழிகளுக்கு மூடி கேட்டு எழுதி இரண்டு வருடமாகிறது, ஒரு மூடிகூட வரவில்லை, மூடி இல்லாமல் ஆளை அனுப்பி என்ன செய்வது, அதனால் எழுதினோம். என் எழுத்து அழகு என்பதால் எல்லோருடையதையும் என்னிடமே கொடுத்து எழுதச் சொல்வார்கள், அதில் எனக்குப் பெருமை வேறு. அதற்கப்புறம் வேறொரு ஞாயிற்றுக்கிழமை, உன் பள்ளிச் சீருடை தைத்த தையல்காரர் மழையில் குழியில் விழுந்துவிட்டார், முட்டிக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள் என்று சொன்னேன், சொல்லி அழுதேன்கூட. இரண்டையும் தனித்தனியாகத்தான் சொன்னேன். தனித்தனியாகத்தான் எனக்குத் தெரியும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நீ வைத்தாய், லட்சம் பேர் பார்க்க வைத்தாய், அப்போதுதான் எனக்கே தெரிந்தது. நான் பெற்ற பிள்ளை சொல்லித்தானா எனக்கு இது தெரிய வேண்டும்?

அன்று சாயங்காலமே பொறியாளர் கூப்பிட்டார். உன் அண்ணன் வயதுதான், மரியாதையானவர், கதவைச் சாத்திவிட்டுத் தண்ணீர் எல்லாம் கொடுத்தார். “அம்மா, என் பொண்ணா இருந்தா நானும் பெருமைதான் படுவேன். ஆனா மேல இருந்து கேக்குறாங்க. அவ பேசினது முழுக்கக் கற்பனை, எங்க ஆபீசுக்கும் அதுக்கும் சம்பந்தமில்லைன்னு ஒரே ஒரு வரி எழுதிக் குடுங்க. உங்க எழுத்துல இருந்தா யாரும் சந்தேகப்பட மாட்டாங்க” என்றார். இதே வார்த்தைகள்தான். எழுதாவிட்டால் என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை, எனக்கு ஓய்வுக்கு எத்தனை மாதம் இருக்கிறது என்று மட்டும் கேட்டார். பதினாலு மாதம் என்றேன். வீட்டுக்கு வந்து சொன்னால், அப்பா, “எழுதிக் குடுத்துட்டு வா, பதினாலு மாசம் கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள போயிடும்” என்கிறார். நானும் எழுதுவதாகத்தான் இருந்தேன். நிஜமாகவே நீ கூட்டித்தான் சொல்லியிருப்பாய் என்று நினைத்தேன், மேடைக்காக ஒன்றைப் பத்தாக்குவதுதானே உங்கள் தொழில். பதினோரு தடவை எல்லாம் இருக்காது, மூன்றோ நான்கோ இருக்கும், அதைக் கண்டுபிடித்து எழுதிக் கொடுத்தால் எழுதியது பொய்யும் ஆகாது, உன் வாயையும் அடைத்த மாதிரி ஆகும் என்று செவ்வாய்க்கிழமை பழைய பதிவேடுகளை எடுத்து வைத்துக்கொண்டு அந்தத் தெருப் பெயரை ஒவ்வொரு பக்கமாகத் தேடினேன்.

பதினேழு இருந்தது. அந்த ஒரு குழிக்கு மட்டும் பதினேழு புகார். பால் போடுகிறவர், கணக்கு டீச்சர், சக்கர நாற்காலியில் இருக்கும் ஒரு பெரியவர், எல்லோரும் கொடுத்திருக்கிறார்கள். எல்லோருக்கும் நேரில் சென்றபோது புகார்தாரர் வீட்டில் இல்லை. பதிவேட்டை நம்பினால் அந்தத் தெருவில் ஒரு வருடமாக மனிதர் யாரும் குடியில்லை. ஐந்து புகார் தையல்காரருடையது. காலையில் உட்கார்ந்தால் விளக்கு வைக்கும்வரை மெஷினை விட்டு எழுந்திருக்காத மனிதர், கடையும் வீடும் ஒன்றுதான், அவரை ஐந்து தடவை வீட்டில் இல்லை என்று எழுதியிருக்கிறேன். ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது. அவை போக, கடைசிப் புகார், பதினேழாவது, அவர் விழுந்து மூன்றாம் நாள் அவர் மனைவி அவர் பெயரில் கொடுத்தது, இன்னொருத்தர் விழுவதற்கு முன்னாலாவது மூடுங்கள் என்று. அதற்கும் ஆறாம் நாள் அதையே எழுதியிருக்கிறேன். அவர் அப்போது ஆஸ்பத்திரியில் இருந்தார். பதினேழில் அது ஒன்றுதான் நாங்கள் எழுதிய உண்மை. உன் பேச்சில் பாதிகூட இல்லையடி நிஜம் என்று சிரிக்கப் போனவள், நிஜத்தில் பாதிகூட நீ பேசவில்லை என்று தெரிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

புதன்கிழமை சாப்பாட்டு நேரத்தில் தையல்காரரைப் பார்க்கப் போனேன். குழி இன்னும் மூடவில்லை, உடைந்த நாற்காலி ஒன்றைத் தலைகீழாக அதில் சொருகி வைத்திருக்கிறார்கள். மெஷினுக்கு மோட்டார் போட்டு, மிச்சமிருக்கும் காலால் மிதித்துத் தைத்துக்கொண்டிருந்தார். எழுதியது நான்தான் என்று சொன்னேன். தெரியும் என்றார், அவரும் உன்னைப் பார்த்துவிட்டாராம். கையில் இருந்த பட்டனைத் தைத்து முடித்தார். அப்புறம், “சிரிச்சாங்களா அக்கா?” என்றார். சிரித்தார்கள் என்றேன். “சிரிக்கட்டும். ஆனா என் காலை மேடைக்கு எடுத்துட்டுப் போறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல? கேட்டிருந்தா இன்னும் நல்லதா ஒண்ணு குடுத்திருப்பேன். நான் உள்ள கிடக்கேன், கழுத்து வரைக்கும் தண்ணி, மேல இருந்து ஒருத்தர் குடையோட எட்டிப் பார்த்து, இதுக்குப் புகார் குடுத்தீங்களான்னு கேக்கிறார்” என்றார். சொல்லிவிட்டு அவர்தான் சிரித்தார். எனக்குத் தலை நிமிரவில்லை. செயற்கைக் காலுக்கு உதவி கேட்டு அவர் போட்ட மனுவை, அந்தக் குழி பற்றி நிலுவையில் எந்தப் புகாரும் இல்லை என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். அந்தக் கடிதத்தைக் காட்டினார். நிலுவையில் எப்படி இருக்கும், நான்தான் ஒவ்வொன்றாக முடித்து வைத்தேனே.

வியாழக்கிழமை பொறியாளர் கேட்டபடி எழுதிக் கொடுத்தேன். மகள் பதினோரு புகார் என்று கூறியது தவறு, பதிவேட்டின்படி பதினேழு, ஒன்றுகூட நேரில் சென்று பார்க்கப்படவில்லை, குழி இன்றும் திறந்திருக்கிறது, இதுவே என் புகார் என்று எழுதி, கீழே தேதி, பக்க எண் எல்லாம் போட்டேன். இரண்டு தடவை படித்தார், முகம் வெளுத்துவிட்டது. “அம்மா, இதை நான் பார்க்கல, நீங்க குடுக்கல, எடுத்துட்டுப் போங்க” என்றார். புகார்ப் பதிவேட்டில் எண் போட்டு முத்திரையும் குத்தியாயிற்று சார், ஏழு நாளைக்குள் பதில் எழுத வேண்டும் என்றேன். அதை என் வாய்தான் சொன்னதா என்று எனக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. இன்னொரு பிரதியைத் தையல்காரரிடம் கொடுத்துவிட்டேன். மறுநாளே, விசாரணை முடியும்வரை ஆபீஸ் பக்கம் வர வேண்டாம், வீட்டில் இருங்கள் என்று கடிதம் வந்துவிட்டது. பென்ஷன் என்ன ஆகுமோ தெரியாது. அப்பா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. ஆனால் உன் வீடியோவை மட்டும் சத்தமாக வைத்துப் பார்க்கிறார், தலைவர் வரும் இடத்தில் சிரிக்கிறார், நான் வரும் இடத்தில் இருமுகிறார். நேற்று அவராகவே ஸ்டூல் போட்டு, அந்த முட்டியோடு ஏறி, அந்தப் பரிசுக் கடிகாரத்தைச் சுவரிலிருந்து கழற்றி வைத்தார். மணி பார்க்க இன்னும் அந்த ஆணியைத்தான் பார்க்கிறோம்.

நீ அந்த வீடியோவை எடுத்துவிடாதே, யார் கேட்டாலும் எடுக்காதே. என்னைப் பற்றிப் பேசியதற்கு மன்னிப்பெல்லாம் கேட்க வேண்டாம், தையல்காரரிடம் கேள், அவர் நம்பரைத் தனியாக எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன், குடைக்காரர் கதையை நீ சொல்லலாம் என்று உத்தரவு கொடுத்திருக்கிறார், ஆனால் நீயே போன் செய்து கேட்க வேண்டுமாம். அந்தக் கெட்ட வார்த்தையை முடிந்தால் விட்டுவிடு, முடியாவிட்டால் ஒரு தடவையோடு நிறுத்து. வெந்நீர் குடி. எங்கே போனாலும் திரும்பி வரும் வழியைப் பார்த்து வைத்துக்கொள். உன் வாக்கும் உன் தெம்பும் குறையாமல் நூறு வயது நன்றாக இரு.

மறந்துவிடாதே, பதினொன்று இல்லை, பதினேழு. கைதட்டலில் விழுங்கிவிடாமல் நிறுத்திச் சொல். பதினெட்டாவதை, அதுதான் நான் கொடுத்ததை, இப்போதைக்குச் சொல்லாதே, அது இன்னும் முடியவில்லை. இன்று நான்காம் நாள். நாளை மறுநாள் என்ன எழுதுவார்கள் என்று எனக்குத் தெரியும், அதனால் கடைக்குக்கூட அப்பாவைத்தான் அனுப்புகிறேன், கதவை அகலத் திறந்து வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தபடிதான் இதையும் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
வீட்டில்தான் இருக்கும்
உன் அம்மா