குளிர் அறையில் எண்ணிய கொசுக்கள்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம், என் இடது முழங்கால் மட்டும் தனிக்கட்சி நடத்துகிறது, அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். நீயும் மாப்பிள்ளையும் இன்னும் முகம் காட்டாத அந்தக் குட்டி ஆளும் சுகம் என்று உன் கடிதத்தில் படித்ததும் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. ஆனால் அதே கடிதத்தின் நாலாவது பக்கத்தில், உன் ஆஸ்பத்திரியில் காய்ச்சல்காரர்களுக்குக் கட்டில் போதாமல் தாழ்வாரத்தில் பாய் விரித்திருப்பதாகவும், உன் கொசுவலையைப் பிரசவ வார்டில் ஒரு பச்சை உடம்புக்காரிக்குக் கொடுத்துவிட்டதாகவும், மிச்சமிருக்கும் பழைய வலைகளின் மேல் கொசுக்கள் உட்கார்ந்து இளைப்பாறிவிட்டுப் போவதாகவும் சிரிக்கச் சிரிக்க எழுதியிருந்தாய். அம்மா சிரிக்கவில்லை. ஊருக்கெல்லாம் ஊசி போடறவளுக்குத் தன் வயித்துப் பிள்ளையப் பாத்துக்கத் தெரியலையே என்று கடிதத்தை என் கையில் திணித்துவிட்டு ஸ்கூட்டர் பழகப் போய்விட்டாள். ஆமாம், ஐம்பத்தாறு வயதில் உன் அம்மா ஸ்கூட்டர் பழகுகிறாள். இதுவரை நம் வீட்டு கேட்டை இரண்டு தடவையும் எதிர்வீட்டு கேட்டை ஒரு தடவையும் இடித்தாயிற்று. எதிர்வீட்டுத் தையல்காரர், அம்மா வண்டியை எடுக்கும் சத்தம் கேட்டால் தன் சைக்கிளை உள்ளே தூக்கி வைத்துவிடுகிறார். உன் தம்பி வாரம் ஒரு தடவை போன் பண்ணுகிறான், பத்து நிமிஷத்தில் எட்டு நிமிஷம் கொட்டாவி.

இனி என் கதைக்கு வருகிறேன். உனக்கு இதை நான் சொல்லியே ஆக வேண்டும், போனில் சொன்னால் பாதியை முழுங்கிவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன். உங்கள் ஆற்றங்கரைப் பக்கத்துக் கொசுக்கள் போன மாதம் முட்டையாக எங்கள் கொசு ஆய்வகத்துக்கு வந்து சேர்ந்தன. நான்தான் தட்டில் தண்ணீர் ஊற்றி, புழுவுக்குத் தீனி தூவி, ஆளாக்கினேன். நான் பெற்ற பெண் அங்கே, அங்கே பிறந்த பெண்கள் என் கூண்டில், பெண் கொடுத்துப் பெண் எடுத்த கதையாகிவிட்டது என்று அம்மாவிடம் சொன்னேன், முறைத்தாள். நல்ல திடகாத்திரமான கொசுக்கள். வலையில் பூசும் பழைய மருந்தைக் காட்டினால் நூற்றுக்கு முப்பதுகூடச் சாகவில்லை. அவற்றின் உடம்பில் நொதி என்று ஒன்று அளவுக்கு மீறி ஊறுகிறதாம், அது மருந்தை வெட்டித் துண்டு போட்டுவிடுகிறதாம். அதனால்தான் உங்கள் வலையில் உட்கார்ந்து இளைப்பாறுகின்றன. இதற்கு மாற்றாகப் புது மருந்து பூசிய வலைகள் நாற்பதாயிரம் கிடங்கில் வந்து இறங்கியிருந்தன. அந்த மருந்து உங்கள் பக்கத்துக் கொசுவைக் கொல்கிறதா என்று நாங்கள் சொன்னால்தான் மழைக்கு முன்னால் லாரி கிளம்பும், இல்லையென்றால் வலைகள் வந்த வழியே திரும்பிவிடும்.

வியாழக்கிழமை சோதனை. உள்ளே மருந்து பூசிய கண்ணாடிப் புட்டிகளில் இருபத்தைந்து இருபத்தைந்தாக நூறு கொசுக்களை ஒரு மணி நேரம் விட்டேன். வெறும் புட்டிகளில் ஐம்பதை விட்டேன். பிறகு எல்லாவற்றையும் காகிதக் கோப்பைகளுக்கு மாற்றி, மேலே சர்க்கரைத் தண்ணீர்ப் பஞ்சு வைத்தேன். வெயில் கொளுத்துகிற நாள். வெக்கையில் நாலு கொசு செத்து, அது மருந்தால் செத்ததாகக் கணக்கு ஏறிவிடக் கூடாதே என்று, கோப்பைகளைப் பக்கத்து ஏசி அறையில் பதினெட்டு டிகிரியில் வைத்தேன். பழைய மருந்துக்குக் குளிரில் வேகம் கூடுமே தவிரக் குறையாது, அதனால் இது நியாயமான காரியம் என்று நினைத்தேன். மறுநாள் காலை எண்ணினால் ஒன்பதுதான் செத்திருந்தன. திரும்ப எண்ணினேன், அதே ஒன்பது. மருந்து பலனில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன், மத்தியானமே அறிக்கை போய்விட்டது. பாப்பா, அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஏழு மாத வயிற்றோடு நீ வலையில்லாமல் படுத்திருப்பதும், வரப்போகிற வலைக்கு நானே கதவைச் சாத்தியதும் மாறி மாறி வந்துகொண்டே இருந்தது. ஆனாலும் மகளுக்காக எண்ணிக்கையை மாற்ற முடியுமா, முடியாது, அந்த மட்டில் மனசு தெளிவாக இருந்தது.

எண்ணி முடித்ததும் மிச்சக் கொசுக்களை ஃப்ரீசரில் போட்டுக் கொன்றுவிடுவது எங்கள் வழக்கம். அன்று சாயங்காலம் டிரான்ஸ்ஃபார்மர் வெடித்து மின்சாரம் போய்விட்டது, ஃப்ரீசர் ஒழுக ஆரம்பித்தது. சரி கிடக்கட்டும் என்று கோப்பைகளை அப்படியே மேசையில் விட்டுவிட்டேன். சனிக்கிழமை கூண்டுகளுக்குத் தீனி வைக்கப் போனபோது, சாகப்போகிறவை பட்டினியாகவா சாக வேண்டும் என்று அந்தக் கோப்பைகளுக்கும் பஞ்சை நனைத்து வைத்தேன். திங்கட்கிழமை போய்ப் பார்த்தால் மருந்து பட்ட கோப்பைகளில் அத்தனையும் மல்லாந்து கிடக்கின்றன. ஏசி இல்லாத வெக்கை கொன்றிருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அதே மேசையில், அதே வெக்கையில், மருந்து படாத ஐம்பதும் ஙொய் என்று பாடிக்கொண்டிருந்தன.

அப்போதுதான் மருந்தோடு வந்த தாளை எடுத்துப் படித்தேன். முதல் பக்கத்தை அன்றே பார்த்திருந்தேன். முப்பத்தொரு வருஷமாகக் கொசு எண்ணுகிறவனுக்கு இரண்டாவது பக்கம் எதற்கு என்று திருப்பவே இல்லை. அதில் கொட்டை எழுத்தில் இருக்கிறது, இருபத்தேழு டிகிரியில் வைக்கவும், மூன்று நாள் கழித்தே எண்ணவும் என்று. தப்பு என் தலையில். அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. இதைப் போய்ச் சொன்னால், மகளுக்காக முடிவைப் புரட்டுகிறான் என்றுதானே நாலு பேர் நினைப்பார்கள். பன்னிரண்டு மணி வரை துடைத்த கூண்டுகளையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தேன். வெட்கத்தைச் சொல்கிறேன், வாயை மூடிக்கொண்டு உனக்கு மட்டும் எங்கிருந்தாவது ஒரு நல்ல வலை வாங்கி அனுப்பிவிடலாம் என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. பிறகு உன் தாழ்வாரத்துப் பாய்கள் ஞாபகம் வந்தன. எழுந்து போய் இயக்குநர் அம்மாவிடம் கோப்பைகளையும் தாளையும் வைத்து நடந்ததை ஒன்று விடாமல் ஒப்பித்தேன்.

அந்த அம்மா திட்டுவார் என்று பார்த்தேன். கோப்பையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பழைய மருந்து வரும்போதே விஷமா வருது, நொதி வெட்டிப் போட்டா கொசு பிழைச்சுக்குது, இந்தப் புது மருந்து வரும்போது சாதுவா வருது, அதே நொதி வெட்டினாத்தான் விஷமா மாறுது, நீங்க குளிர்ல வெச்சதும் கொசு சுருண்டுக்கிச்சு, நொதியும் வேலையை நிறுத்திடுச்சு, கரண்ட் போய் வெக்கை ஏறினதும் மறுபடி ஆரம்பிச்சுடுச்சு என்று நிதானமாகச் சொன்னார். கொசு எந்தக் கத்தியால் தப்பித்ததோ அதே கத்தியால் மாட்டிக்கொள்கிறது. சில மாத்திரைகள் நம் ஈரலுக்குப் போனபிறகுதான் மருந்தாக மாறும் என்று நீ படிக்கிற காலத்தில் சொன்னாயே, அந்த மாதிரிதான் என்று புரிந்துகொண்டேன். அதற்குப் பிறகு, உங்க பொண்ணு அந்தப் பக்கம் இருக்கான்னு எனக்குத் தெரியும், அதனால மறு சோதனையில நீங்க கை வைக்கக் கூடாது, வெளியவே உக்காருங்க என்றார். கிடங்குக்கும் போன் போட்டு, திருப்பி அனுப்பப் பேசியிருந்த லாரியை நிறுத்தினார். எனக்குக் கோபம் வரவில்லை. நிம்மதியாகத்தான் இருந்தது.

எண்ணியது யார் தெரியுமா, எங்கள் டைப்பிஸ்ட் அம்மா. கொசு என்றாலே துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொள்கிறவர். கோப்பைகளில் வெறும் நம்பர்தான், எது மருந்து பட்டது, எது படாதது என்று அவருக்குத் தெரியாது. ஏன் சார் இதுங்க செத்துதா தூங்குதான்னு எப்படிப் பாக்கறது என்று கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தார். பேசக் கூடாதுங்க என்று நானும் கதவுக்கு இந்தப் பக்கமிருந்து சொல்லிக்கொண்டே இருந்தேன். மூன்று நாள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். நீ பிறந்த அன்றுகூட இவ்வளவு நேரம் கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்ததில்லை. மூன்றாம் நாள் அவர் வெளியே வந்து, தாளை நீட்டி, சார் எனக்கு ஒண்ணும் புரியல, நாலு கோப்பைல மொத்தமா மூணே மூணுதான் உயிரோட இருக்கு என்றார். நூற்றுக்குத் தொண்ணூற்றேழு. நான் பெஞ்சிலேயே அழுதுவிட்டேன், பாவம் அவர் தான் தப்பாக எண்ணிவிட்டதாக நினைத்துத் திரும்ப உள்ளே ஓடினார்.

புது அறிக்கையின் அடியில், முதல் முடிவு தவறு, தவறு என்னுடையது என்று என் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதன் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன், பத்திரமாக வை. சரி என்று ஆயிரம் தாளில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், எனக்குப் பெருமை என்னவோ இந்த ஒன்றில்தான். லாரிகள் நேற்றுக் காலை கிளம்பிவிட்டன, பத்து நாளில் உங்கள் பக்கம் வந்துவிடும். உனக்கென்று தனி வலை ஏதும் இல்லை, எல்லோருக்கும் உள்ளதில் ஒன்றுதான் உனக்கும்.

வலை வந்ததும் ஒரு நாள் நிழலில் விரித்துப் போடு, வெயிலில் போட்டால் மருந்து கெட்டுவிடும். ஓரத்தை மெத்தைக்கு அடியில் செருகு. மாப்பிள்ளைக்கு என் ஆசிகளைச் சொல். நீ நல்லபடியாகப் பெற்றுப் பிழைத்து, பிள்ளையும் நீயும் நூறு வயது இருக்க வேண்டும். அம்மா ஸ்கூட்டரிலேயே உன் பிரசவத்துக்கு வந்துவிடுவதாகச் சொல்கிறாள், நான் ரயிலில் வருகிறேன். கடைசியாக ஒன்று, இந்த வலையை மட்டும் யாருக்கும் தூக்கிக் கொடுத்துவிடாதே. இங்கே நான் வளர்த்த கொசு ஒன்றுகூட உன்னைக் கடித்ததில்லை பாப்பா. அங்கே இருப்பவற்றுக்கு நீ யார் மகள் என்று தெரியாது.

இப்படிக்கு,
இரண்டாவது பக்கத்தையும் படிக்கிற
உன் அப்பா